மாதிரி முடி

நெருப்பைக் கண்டுபிடித்தான், சக்கரத்தைக் கண்டுபிடித்தான் என்று மனிதனைப் பற்றி வரலாற்று ஆசிரியர்கள் பக்கம் பக்கமாக எழுதித் தள்ளியிருக்கிறார்கள். அதெல்லாம் சில்லறை விஷயம். தலைமுடிக்குப் புரதம் ஊட்ட வேண்டுமா, வேண்டாமா என்று தீர்மானிக்க ஒரு குழு அமைத்து, அந்தக் குழுவுக்குத் தலைவர், செயலாளர், ரப்பர் முத்திரை, பிஸ்கட் எல்லாம் வழங்கப்பட்ட நாளில்தான் மனிதன் முழு வளர்ச்சி அடைந்தான். அந்த மகத்தான சம்பவம் எங்கள் அலுவலகத்தின் மூன்றாவது மாடியில் நடந்தது. செயலாளர் அடியேன்.

எங்கள் நிறுவனம் வாட்டர் ஹீட்டர் விற்கிறது. வாங்கிய ஹீட்டர் சுடவில்லை என்றால் வாடிக்கையாளர்கள் முன்பெல்லாம் தொலைபேசியில் அழைத்துத் திட்டுவார்கள். காலம் முன்னேறிவிட்டதால் இப்போது வீடியோவில் முகத்தைப் பார்த்தே திட்டும் வசதியைச் செய்து கொடுத்திருக்கிறோம். வரிசையாகக் கேமரா வைத்த மேசைகள். ஒவ்வொன்றிலும் ஒரு பெண். "உங்கள் சிரமத்துக்கு வருந்துகிறோம்" என்று அவர்கள் நாள் முழுக்கப் புன்னகையோடு வருந்துவார்கள். ஹீட்டரைப் பழுது பார்க்கிற ஆட்களைத்தான் போன வருடம் சிக்கன நடவடிக்கையாக வீட்டுக்கு அனுப்பிவிட்டோம். பழுது பார்ப்பது வேறு யாராவதுகூடச் செய்யலாம்; வருத்தத்தை நாங்கள்தானே தெரிவிக்க வேண்டும்?

இவ்வளவு செய்தும் வாடிக்கையாளர்களுக்குத் திருப்தி இல்லை. கருத்துக் கேட்டதில் பெரும்பாலோர் "மோசம்" என்றார்கள். மற்றவர்கள் "படு மோசம்" என்றார்கள். ஒருவர் மட்டும் பதில் எழுதாமல் ஹீட்டரையே பார்சலில் திருப்பி அனுப்பியிருந்தார்.

இதற்கான காரணத்தை எங்கள் எம்.டி. தானே கண்டுபிடித்தார். பதிவான வீடியோக்களை எல்லாம் சத்தத்தை நிறுத்திவிட்டுப் பார்த்தாராம். சத்தம் இருந்தால் வாடிக்கையாளர் பேசுவது காதில் விழுந்து கவனம் சிதறும் அல்லவா?

"இந்தப் பொண்ணுங்க தலையைப் பாருங்கய்யா" என்றார் கூட்டத்தில், திரையைக் காட்டி. "முடி எப்படிச் சோர்ந்து போய்க் கிடக்கு! முடியே சோர்ந்து கிடக்கிற கம்பெனியில ஹீட்டர் எப்படிச் சூடாகும்?"

எல்லோரும் தலையாட்டினோம். பெரிய உண்மைகளுக்கு முன்னால் தலையாட்டுவது எங்கள் வழக்கம்.

எம்.டி.யின் முடியைப் பற்றி இங்கே சொல்லியாக வேண்டும். கன்னங்கரேல் என்று, அடர்த்தியாக, வகிடு பிசகாமல் இருக்கும். ஏசி பழுதான நாட்களில் மேசை விசிறியை முழு வேகத்தில் திருப்பி வைத்துக்கொள்வார். காகிதங்கள் பறக்கும். அவர் கோபத்தில் எங்களில் சிலருடைய வேலையும் பறந்திருக்கிறது. அந்த முடி மட்டும் அசையாது. வேலைக்குப் புதிதாகச் சேருகிறவர்களுக்கு நான் "கட்டுப்பாடு" பற்றி வகுப்பெடுக்கும்போது அந்தத் தலையைத்தான் உதாரணமாகக் காட்டுவேன்.

"கேச நலத் தீர்மானக் குழு" அன்றே அமைந்தது. தலைவராகக் கணக்குப் பிரிவு மேலாளரை நியமித்தார்கள். அவருக்குத் தலையில் ஒரு முடிகூடக் கிடையாது. முடி விஷயத்தில் சொந்த நலன் ஏதும் இல்லாதவர் என்பதால் நடுநிலை தவறமாட்டார் என்று எம்.டி. சொன்னபோது எல்லோரும் கைதட்டினோம். மேலாளரும் தலையைத் தடவிக்கொண்டே நன்றி சொன்னார். நிபுணராக, கீழ்த்தளத்தில் அழகு நிலையம் நடத்தும் அம்மையார் வந்தார். முடிக்குப் புரதம் தேவையா என்று தீர்ப்புச் சொல்கிறவரே அந்தப் புரதத்தையும் விற்பது எவ்வளவு சௌகரியம்! அலைச்சலே இல்லை.

முதல் கூட்டத்திலேயே தலைவர் நேராக விஷயத்துக்கு வந்தார்.

"மேடம், ஒரு முடிக்குப் புரதம் வேணுமா வேண்டாமான்னு எப்படிக் கண்டுபிடிக்கிறது?"

"ரொம்ப ஈசி சார். ஒரு முடியை டம்ளர் தண்ணியில போடணும். மூழ்கிடுச்சுன்னா உள்ளே ஓட்டை விழுந்திருக்குன்னு அர்த்தம். புரதம் தேவை."

"மிதந்தா?"

"மேல பிசுக்கு படிஞ்சிருக்கு. பிசுக்கை எடுத்துட்டுப் பார்த்தா உள்ளே ஓட்டை இருக்கும். புரதம் தேவை."

"மூழ்காம மிதக்காம நடுவுல நின்னா?"

அம்மையார் வருத்தமாகச் சிரித்தார். "அது முடிவெடுக்கத் தெரியாத முடி சார். அதுக்குத்தான் அவசரமாத் தேவை."

நான் மூன்றையும் குறித்துக்கொண்டேன். தலைவர் பேனாவால் தாடையைச் சொறிந்தார். "அப்போ, புரதம் தேவைப்படாத முடின்னு ஒண்ணு எங்கேயாவது இருக்கா?"

"என் அனுபவத்துல பார்த்ததில்ல சார்."

"அப்படிச் சொன்னா எப்படி மேடம்? எதையும் ஒண்ணோட ஒண்ணு வெச்சுப் பார்த்தாத்தான் கூடுதலா குறைவான்னு தெரியும். எனக்கு ஒரு அளவுகோல் வேணும். ஒரு மாதிரி முடி."

மூன்று பேரும் ஒரே நேரத்தில் சுவரைப் பார்த்தோம். அங்கே எம்.டி.யின் படம் மாட்டியிருந்தது.

முடி கேட்டு நான்தான் அவர் அறைக்குப் போனேன். "என் முடியா? எதுக்குய்யா?" என்று பதறிவிட்டார். அவ்வளவு பெரிய மனிதருக்குத் தன் முடியின் அருமை தெரியாமல் இருந்ததைப் பார்த்து நான் நெகிழ்ந்தேன். குழுவின் கோரிக்கை என்றதும் கொஞ்ச நேரம் யோசித்தார். பிறகு, தானே எடுத்துத் தருவதாகவும், எடுக்கும்போது யாரும் அறையில் இருக்கக் கூடாது என்றும் சொல்லிக் கதவைத் தாழிட்டுக்கொண்டார். கொடுப்பதை அடுத்தவர் பார்க்கக் கூடாது என்கிற அடக்கம். கொஞ்ச நேரத்தில் கதவு லேசாகத் திறந்தது. ஒரு கை மட்டும் வெளியே வந்து உறையை நீட்டியது.

மாதிரி முடியை ஒரு கண்ணாடிச் சீசாவில் போட்டு மூடினோம். சீசா என் மேசை இழுப்பறையில். இழுப்பறைச் சாவி என் சட்டைப் பையில். குழுவில் எனக்குக் கிடைத்த மிகப் பெரிய கௌரவம் அதுதான்.

சோதனையில் மாதிரி முடி எங்களைப் பிரமிக்க வைத்தது. தண்ணீரில் ஊறவைத்தும் ஊறவில்லை. அம்மையார் இரண்டு கையாலும் இழுத்தார். அறுந்து போகவில்லை. தலைவர் ஒரு முனையைப் பிடித்துக்கொள்ள, இருவரும் எதிரெதிர்த் திசையில் சாய்ந்து இழுத்தார்கள். அம்மையாரின் விரல்தான் அறுபட்டது. "இந்த மாதிரி ஒரு முடியை நான் பார்த்ததே இல்ல" என்று விரலைச் சூப்பிக்கொண்டே சொன்னார். தலைவர் அதைப் பாராட்டாக எடுத்துக்கொண்டார். நானும் அப்படியே எழுதினேன்.

பிறகு ஊழியர்களின் முடிகளை வாங்கி அதோடு ஒப்பிட்டோம். ஒருவர்கூடத் தேறவில்லை. என் முடியையும் சோதித்தார்கள். எந்தப் பக்கம் இழுத்தாலும் அந்தப் பக்கம் வளைந்து கொடுத்தது. விட்டதும் பழைய இடத்துக்கே வந்து படுத்துக்கொண்டது. "இது நல்ல ஆபீஸ் முடி" என்று அம்மையார் சான்று கொடுத்தார். மாதிரிக்கு அடுத்த இடம் எனக்கு.

கடைசி இடம் முதல் மேசைப் பெண்ணுக்கு. அவள் என் மச்சினி. என் மனைவியின் தங்கை.

அவளுக்குக் குழந்தை பிறந்து ஆறு மாதம் ஆகிறது. சீப்பை வைத்தால் கொத்துக் கொத்தாக முடி வருகிறது என்று டாக்டரிடம் போயிருக்கிறாள். பிள்ளை பெற்ற உடம்புக்கு இது சகஜம், தானாக நின்றுவிடும், வேளைக்கு நன்றாகச் சாப்பிடு, முட்டை சேர்த்துக்கொள், பால் குடி என்று சொல்லி அனுப்பிவிட்டாராம். அந்தத் தகவல் குழுவின் முன் வைக்கப்பட்டது. "தானாக நின்றுவிடும் என்பதை ஒரு நிர்வாக நடவடிக்கையாக ஏற்க இயலாது" என்று தலைவர் நிராகரித்துவிட்டார்.

மாதக் கடைசிக்குள் மாதிரித் தரத்தை எட்டாத முடிக்காரர்கள் கேமரா மேசையை இழப்பார்கள் என்று உத்தரவு போட்டோம். அவர்களுக்கு இரவுப் பணி. இரவில் கேமரா கிடையாது. எழுத்தில் வருந்தினால் போதும். மற்றவர்களுக்கு அது தூக்கம் கெடுகிற விஷயம். மச்சினிக்கு அப்படியில்லை. அவள் கணவர், அதாவது என் சகலை, பேக்கரியில் இரவெல்லாம் அடுப்படியில் நிற்கிறவர். பகலில் அவர் குழந்தையைப் பார்த்துக்கொள்கிறார். சாயங்காலம் இவள் வந்து வாங்கிக்கொண்டதும் அவர் வேலைக்குக் கிளம்புகிறார். இவளும் இரவுக்குப் போனால் குழந்தை தொட்டிலில் தனியாக இருக்கும். உத்தரவைத் தட்டச்சு செய்தபோது எனக்கு இது தெரியும். தட்டச்சில் ஒரு பிழையும் இல்லை என்று தலைவர் பாராட்டினார்.

சிகிச்சைக்கு ஓர் இடம் வேண்டியிருந்தது. எங்கள் மாடியில் பெண்கள் ஓய்வறை என்று ஒன்று இருந்தது. ஒரு பெஞ்சு, ஒரு திரை, கை கழுவுகிற தொட்டி. கேமரா மேசையில் சாப்பிடக் கூடாது என்பதால் அவர்கள் மதியம் அங்கே உட்கார்ந்துதான் டப்பாவைத் திறப்பார்கள். மச்சினி அந்தத் திரைக்குப் பின்னால் குழந்தைக்குத் தாய்ப்பால் எடுத்து வைத்துக்கொள்வாள். பயனற்றுக் கிடந்த அந்த அறையைக் "கேசப் புரத மையம்" ஆக்கினோம். நேரம்? மதிய இடைவேளைதான். அந்த நேரத்தில் அவர்கள் எப்படியும் சும்மா சாப்பிட்டுக்கொண்டுதானே இருந்தார்கள்!

முதல் நாள் மேற்பார்வைக்குப் போனேன். கண்கொள்ளாக் காட்சி. பெஞ்சில் வரிசையாகப் பெண்கள். தலை நிறையக் குழைந்த பூச்சு, அதற்கு மேல் பிளாஸ்டிக் தொப்பி, மடியில் திறக்காத சாப்பாட்டு டப்பா. அம்மையார் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்: "யாரும் சாப்பிடக் கூடாது. தாடை அசைஞ்சா நெத்தி அசையும், நெத்தி அசைஞ்சா புரதம் வழிஞ்சிடும்."

மச்சினி தலையைத் திருப்பாமல் கண்ணை மட்டும் திருப்பி என்னைப் பார்த்தாள். காதோரம் வழிந்ததை விரலால் தொட்டு முகர்ந்தாள்.

"அத்தான்... சாரி, சார், இதுல என்ன போட்டிருக்காங்க?"

"முட்டை, பால், கோதுமை. எல்லாம் முதல் தரமான சரக்கு."

"இதைத்தானே டாக்டர் சாப்பிடச் சொன்னார்? இதையே ஒரு தட்டுல போட்டுக் குடுத்தா வாயில போட்டுக்குவேனே?"

"வாயில போட்டா உடம்பு பூரா போயிடும்மா. முடிக்கு எவ்வளவு போச்சுன்னு எப்படிக் கணக்குக் காட்டறது?"

பக்கத்தில் இருந்த பெண்ணுக்கு வயிறு சத்தம் போட்டது. எல்லோருக்கும் கேட்டது. அம்மையார் அதைப் புரதம் இறங்குகிற சத்தம் என்றார்.

வீட்டில் இந்தச் சாதனைக்கு உரிய மதிப்பு கிடைக்கவில்லை. எங்கள் குழுவுக்கு என் மனைவி ஒரு பெயர் வைத்திருந்தாள். அதுவும் முடியைக் குறிக்கிற சொல்தான். ஆனால் அச்சில் ஏற்ற முடியாது.

"அவ மத்தியானம் சாப்பிடறதே இல்லையாமே?" என்றாள்.

"சிகிச்சை நேரம்."

"பாலை எடுக்க இடமில்லாம பாத்ரூம்ல நின்னு எடுக்கறாளாம். யாரோ கதவைத் தட்டிக்கிட்டே இருக்காங்களாம். பாப்பா பால் பத்தாம அழுதுக்கிட்டே இருக்காம். நீங்க செயலாளர்தானே? ஒரு வார்த்தை சொன்னா என்ன?"

"மத்தவங்க சொல்றதை எழுதறவன்தான் செயலாளர். அவனே சொல்ல ஆரம்பிச்சா எழுதறது யாரு?"

அவள் விளக்கை அணைத்துவிட்டுப் போனாள். நான் இருட்டில் உட்கார்ந்திருந்தேன். எனக்கும் கொஞ்சம் சங்கடமாகத்தான் இருந்தது. ஆனால் சங்கடத்தைப் பதிவு செய்யும் வழக்கம் எங்கள் அலுவலகத்தில் கிடையாது.

சிகிச்சை தொடரத் தொடர முடிகளில் பெரிய மாற்றம் தெரிந்தது. முன்பு உதிர்ந்துகொண்டிருந்த முடி இப்போது ஒடிய ஆரம்பித்தது. மேசைகளின் மேல் துண்டு துண்டாக, காய்ந்த துடைப்பக் குச்சி மாதிரி கிடந்தது. மச்சினி ஒரு கைப்பிடி பொறுக்கி எடுத்துக்கொண்டு அம்மையாரிடம் வந்தாள்.

"மேடம், முன்னாடி வேரோட கொட்டிச்சு. இப்போ பாதியில ஒடியுது. புரதம் ஜாஸ்தியாப் போயிடுச்சோ?"

"குறைஞ்சாத்தான்மா ஒடியும்."

"கூடினாலும் ஒடியும்னு உங்க புரத டப்பா மேலயே போட்டிருக்கே மேடம்."

அம்மையார் டப்பாவைத் திருப்பிப் பார்த்தார். அவர் அதுவரை முன்பக்கம்தான் படித்திருந்தார். "ஆமா, கூடினாலும் ஒடியும். குறைஞ்சாலும் ஒடியும்."

"அப்போ எனக்குக் கூடிப் போச்சா, குறைஞ்சு போச்சா?"

"அதைக் கண்டுபிடிக்கத்தானேம்மா இன்னும் கொஞ்சம் போட்டுப் பார்க்கறோம்!"

விஞ்ஞானம் இப்படித்தான் வளர்கிறது. மச்சினி மறுபடியும் தொப்பியை மாட்டிக்கொண்டு போய் பெஞ்சில் உட்கார்ந்தாள். அவள் முகம் சுண்டிப் போயிருந்தது. வீடியோவில் அது மெலிந்து அழகாகத் தெரிவதாகத் தலைவர் சொன்னார்.

மாதக் கடைசியும் வந்தது. இறுதிச் சோதனைக்கு எம்.டி.யே நேரில் வந்து நடு நாற்காலியில் அமர்ந்தார். ஏசியை அதிகப்படுத்தச் சொன்னார். பெண்கள் சுவரோரமாக நின்றார்கள். ஒடிந்த முடிகளைப் பார்த்து அவர் முகம் சுளிப்பதைக் கவனித்த அம்மையார், எழுந்து நின்று தன் கடைசி அஸ்திரத்தை எடுத்தார்.

"சார், வெளியில பார்த்து முடிவு பண்ணாதீங்க. புரதம் உள்ளே ஏறியிருக்கு. கொளுத்திக் காட்டறேன். புரதம் உள்ள முடின்னா எரியும்போது கருகல் நாத்தம் வரும், விரல்ல நசுக்கினா தூளாப் போயிடும். புரதம் இல்லாததுக்கு அந்த நாத்தமே வராது."

ஒரு தட்டில் மெழுகுவத்தியை ஏற்றி, மச்சினியின் தலையிலிருந்து ஒரு முடியை எடுத்து நெருப்பில் காட்டினார். சட்டென்று சுருண்டு எரிந்தது. நாற்றத்தில் எல்லோரும் மூக்கைப் பொத்திக்கொண்டோம். மிச்சத்தை நசுக்கினார். தூள்.

"பார்த்தீங்களா! புரதம்!" என்று அம்மையார் குதித்தார்.

"இருக்கு, சரி. போதுமான அளவு இருக்கா?" என்றார் தலைவர். கணக்கு மனிதர் அல்லவா? "மாதிரித் தரத்துக்கு வந்திருக்கான்னுதான் நான் எழுதணும். இழுத்தா அறுந்து போகுது. தேறலைன்னுதான் எழுத வேண்டியிருக்கு."

"சார்" என்றது ஒரு குரல். என் மச்சினி. கைகளைப் பிசைந்துகொண்டிருந்தாள். "தேறலைன்னு எழுதறதுக்கு முன்னாடி அந்த மாதிரி முடியையும் ஒரு தடவை கொளுத்திப் பார்த்துடுங்க சார். எல்லாச் சோதனையிலயும் அதோட வெச்சுத்தானே என்னைத் தள்ளினீங்க? இதுலயும் தள்ளிட்டீங்கன்னா நான் ஒண்ணும் பேச மாட்டேன். எனக்குப் பகல் வேலை போச்சுன்னா என் குழந்தையைப் பார்த்துக்க ஆளே கிடையாது சார்."

"அதெல்லாம் எதுக்கும்மா, வேண்டாம்" என்றார் எம்.டி. வேகமாக.

"கேக்கறது நியாயம்தானே சார்" என்றார் தலைவர். "எல்லாச் சோதனையும் ரெண்டுக்கும் பொதுன்னு நம்ம விதியிலயே இருக்கு. செயலாளர், சீசாவை எடுங்க."

எடுத்தேன். அம்மையார் மாதிரி முடியை இடுக்கியால் பிடித்துப் பயபக்தியோடு நெருப்பில் காட்டினார்.

எரியவில்லை. முடி நெளிந்தது, சுருங்கியது, உருகியது. நுனியில் ஒரு சொட்டுத் திரண்டு தட்டில் விழுந்தது. முடி கருகும் நாற்றமே இல்லை. அடுப்பில் பிளாஸ்டிக் வாளியை வைத்துவிட்டது மாதிரி ஒரு வாடை அறை முழுக்கப் பரவியது. சொட்டு ஆறி, கடுகு அளவில் ஒரு கறுப்பு மணியாக இறுகியது. தலைவர் அதைப் பேனா நுனியால் தட்டிப் பார்த்தார். டிக் என்றது.

"இதுல புரதமே இல்லையே!" என்று அம்மையார் தொழில் பழக்கத்தில் கத்திவிட்டு, வாயைப் பொத்திக்கொண்டார்.

ஏசி உறுமிக்கொண்டிருந்தது. எம்.டி.யின் கை தானாக மேலே போய்த் தலையை அழுத்திக்கொண்டது. சுவரோரமாக நின்ற பெண்களில் ஒருத்தி களுக்கென்று சிரித்துவிட்டு இருமல் மாதிரி மாற்றிக்கொண்டாள். மச்சினி சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் அவளும் இருமிச் சமாளித்திருக்கலாம். அவள் அந்தக் கறுப்பு மணியையே பார்த்துக்கொண்டு, நிதானமாகக் கேட்டாள்.

"அப்போ இத்தனை நாளா எங்களை எதோட போட்டி போட விட்டீங்க?"

எம்.டி. எழுந்தார். "அது என் முடியே இல்ல!" என்றார்.

அந்த வாக்கியத்தில் ஒரு பொய்கூட இல்லை என்று நான் எங்கே வேண்டுமானாலும் சத்தியம் செய்வேன்.

உடனே, அதே அறையில், விசாரணை தொடங்கியது. மாதிரி முடி எம்.டி.யின் முடி இல்லை என்றால் யாரோ அதை மாற்றியிருக்க வேண்டும். மாற்றியது யார்? மாற்றுவதால் யாருக்கு லாபம்? தலைவர் கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு என் பக்கம் திரும்பினார்.

"சீசா யார் பொறுப்புல இருந்துச்சு?"

"என் பொறுப்புல."

"சாவி?"

"என் சட்டைப் பையில."

"எப்பவுமேவா?"

எம்.டி. என்னைப் பார்த்தார். மச்சினியும் என்னைப் பார்த்தாள். யாரும் எதையும் மாற்றவில்லை என்று அந்த அறையில் நிச்சயமாகத் தெரிந்தவர்கள் இரண்டு பேர். நான் ஒருவன்; மற்றவர் தலையைப் பிடித்துக்கொண்டு நின்றார். "எப்பவுமே" என்று ஒரே சொல்லில் முடித்திருக்கலாம். தொண்டை வரைக்கும் வந்தது. ஆனால் ஒரு பொறுப்புள்ள அலுவலர் முழு விவரமும் தர வேண்டும் அல்லவா?

"வீட்டுக்குப் போனதும் சட்டையைக் கழற்றி ஆணியில மாட்டிடுவேன் சார்."

"வீட்டுக்கு யார் யார் வருவாங்க?"

"உறவுக்காரங்க வருவாங்க."

நான் யார் பெயரையும் சொல்லவில்லை. யாரையும் காட்டிக்கொடுக்கும் வழக்கம் எனக்கு எப்போதும் இருந்ததில்லை. தலைவர் "உறவுக்காரர்கள்" என்று எழுதி, அடியில் ஒரு கோடு போட்டார்.

"அத்தான்" என்றாள் மச்சினி. இந்தத் தடவை சாரி சொல்லவில்லை. "அத்தான், என்னை நிமிர்ந்து பாருங்க."

நான் தட்டில் இருந்த கறுப்பு மணியைப் பார்த்தேன். காது இரண்டும் சுட்டன. மெழுகுவத்தி பக்கத்தில் இருந்ததால் இருக்கலாம்.

மாதிரி முடியை மாற்றி நிறுவனத்தின் தரத்தைக் குலைக்க முயன்றதற்காக முதல் மேசைப் பெண் இரவுப் பணிக்கு அனுப்பப்பட்டாள். உத்தரவைத் தட்டச்சு செய்தவன் நானேதான். அவள் இரவு வேலைக்கு வரவில்லை. வர முடியாது என்பது எல்லோருக்கும் தெரியும். அந்தக் காரணத்துக்காக அவளை வேலையிலிருந்து நீக்கும் உத்தரவையும் நான்தான் தட்டச்சு செய்தேன்.

அதற்குப் பிறகு குழு தன் இறுதித் தீர்மானத்தை எடுத்தது. முடிக்குப் புரதம் தேவையா, இல்லையா? உலகத்தில் எத்தனையோ பேர் கண்ணாடி முன்னால் நின்று குழம்புகிற கேள்வி. எங்கள் தீர்மானம் அதை ஒரேயடியாகத் தீர்த்துவைத்துவிட்டது: ஊழியர்கள் அனைவருக்கும் எம்.டி. தரத்தில் தயாரான செயற்கை முடி வழங்கப்படும். அம்மையாரே வாங்கித் தருகிறார். புரதம் தேவையில்லை, எண்ணெய் தேவையில்லை. மேலே ஈரத் துணியால் ஒரு துடைப்பு, அவ்வளவுதான். கேசப் புரத மையம் இப்போது அந்த முடிகளை இரவில் மாட்டி வைக்கும் அறை ஆகிவிட்டது. பெண்கள் மதியம் மாடிப்படியில் நின்றுகொண்டே சாப்பிடுகிறார்கள். படியில் நல்ல காற்று வரும்.

எனக்குப் பதவி உயர்வு கிடைத்தது. வீட்டில் மட்டும் ஒரு சிறிய மாற்றம். என் மனைவி என்னோடு பேசுவதில்லை. ஆனால் தினமும் காலையில் கண்ணாடி முன்னால், என் சீப்புக்குப் பக்கத்தில், ஒரு முட்டையையும் ஒரு டம்ளர் பாலையும் கொண்டுவந்து வைக்கிறாள். முதல் நாள் மகிழ்ச்சியோடு டம்ளரை எடுத்தேன். "குடிச்சிடாதீங்க. அது உங்க தலைக்கு" என்றாள். அவள் என்னிடம் கடைசியாகப் பேசியது அதுதான். அதன் பிறகு அவள் அடிக்கடி தங்கை வீட்டுக்குப் போய்விடுகிறாள். குழந்தை தவழ ஆரம்பித்துவிட்டதாம். நான் பார்க்கவில்லை.

வாடிக்கையாளர்களின் ஹீட்டர்கள் இன்னும் சுடவில்லை. அதைப் பற்றி ஒன்றும் செய்வதற்கில்லை. ஆனால் எங்கள் அலுவலகத்துக்கு வந்து பாருங்கள். வரிசையாகக் கேமராக்கள், வரிசையாகக் கன்னங்கரேல் என்ற தலைகள், எல்லாவற்றிலும் ஒரே வகிடு. விசிறியை முழு வேகத்தில் வைத்தாலும் ஓர் இழை அசையாது. மூன்றாவது மாடி முழுக்கத் தேடினாலும் தரையில் ஒரு முடி கிடைக்காது. இங்கே இப்போது முடி உதிர்வதே இல்லை. மனிதர்கள்தான் உதிர்கிறார்கள், அவர்களைச் சத்தமில்லாமல் கூட்டித் தள்ளத்தான் செயலாளர் நான் இருக்கிறேனே.